உயிர்நீத்த படைவீரருக்கு வீரதீர விருது: போர்முனைச் சாட்சியத்திலிருந்து ஊர்க் கல்வெட்டு வரை

1999 ஜூலையில், கார்கில் போரின்போது, டைகர் ஹில் சிகரத்தில் பாகிஸ்தான் ராணுவ அதிகாரி ஒருவர் எதிர்த்தாக்குதலுக்குத் தலைமை தாங்கி வந்து விழுந்தார். பெயர் கேப்டன் கர்னல் ஷேர் கான். அந்தக் ‘கர்னல்’ பதவி அன்று, பிறந்தபோது வைத்த பெயரிலேயே உள்ளது. எதிர்ப்பக்கம் இந்தியப் படைக்குத் தளபதியாக இருந்த பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா, உடலைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அவருடைய சட்டைப் பையில் ஒரு சீட்டை வைத்தார். இவர் மிகுந்த துணிச்சலுடன் போரிட்டார், இவருக்கு உரியதைச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். பாகிஸ்தான் தன் மிக உயர்ந்த போர் விருதான நிஷான்-இ-ஹைதரை அவருக்கு வழங்கியது.

இறந்தவருக்கு வழங்கப்படும் விருதைப் பற்றி யார் கேட்டாலும் நான் அந்தச் சீட்டில்தான் தொடங்குவேன். செய்தவர் பேச முடியாது. பார்த்தவர் ஒருவர் எழுதிவைத்தால்தான் கோப்பு நகரும். உறவினரின் கண்ணீரோ, ஊர்வலமோ, சட்டமன்ற உறுப்பினரின் சிபாரிசுக் கடிதமோ அந்த எழுத்தின் இடத்தை நிரப்பாது. இந்திய முப்படைகளில் பணியாற்றி உயிர்நீத்த ஒருவரின் குடும்பமும் ஊரும் இந்த நடைமுறையை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும், எந்த இடத்தில் தங்கள் வேலை வருகிறது, எங்கே பொறுத்திருக்க வேண்டும் என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த வரிசை விருது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு வரிசைகள் உள்ளன. எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா. இவை 1950 ஜனவரி 26 அன்று ஏற்படுத்தப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டன. அந்த முன்தேதியால்தான் 1947 நவம்பர் 3 அன்று காஷ்மீரின் பட்காமில் விழுந்த மேஜர் சோம்நாத் சர்மா முதல் பரம்வீர் சக்ரா பெற்றவரானார்.

எதிரிப் படையை நேருக்கு நேர் சந்திக்காத சூழலில், அதாவது பயங்கரவாத எதிர்ப்பு, கிளர்ச்சி ஒடுக்கம், மீட்புப் பணி போன்றவற்றில் காட்டிய வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌரிய சக்ரா. 1952இல் அசோக சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று தொடங்கிய இவற்றுக்கு 1967இல்தான் இன்றைய பெயர்கள் வந்தன. சிப்பாயின் குடும்பத்திடம் போய் ‘மூன்றாம் வகுப்பு வீரம்’ என்று சொல்ல யாருக்கு நா எழும்? மாற்றியது நல்லதே.

வரிசை முறை இது: பரம்வீர் சக்ரா, அசோக சக்ரா, மகாவீர் சக்ரா, கீர்த்தி சக்ரா, வீர் சக்ரா, சௌரிய சக்ரா. இவற்றுக்கு அடுத்து வீரத்துக்கான சேனா பதக்கமும், கடற்படை, விமானப்படைகளில் அதற்கு இணையான பதக்கங்களும் வரும். எல்லாவற்றையும் மறைவுக்குப் பின்னும் வழங்கலாம்.

சென்னையில் வளர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் பகுதியில் பயங்கரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிர்நீத்தார். அவருக்கு அசோக சக்ரா. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் கே. பழனி 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் உயிர்நீத்தார். அவருக்கு வீர் சக்ரா. கல்வானில் முறையான போர் அறிவிப்பு எதுவும் இல்லை, துப்பாக்கிகளும் வெடிக்கவில்லை. ஆனாலும் எதிரில் நின்றது இன்னொரு நாட்டின் ராணுவம் என்பதால் அது போர்க்கால வரிசைக்குள் வந்தது. ஆகவே, ‘எங்கள் பிள்ளைக்கு ஏன் பரம்வீர் சக்ரா இல்லை, ஏன் அசோக சக்ரா?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் எதிரி யார் என்பதில்தான் இருக்கும். வீரத்தின் அளவை வைத்து வரும் வேறுபாடு அன்று.

படி 2: கோப்பு எங்கே பிறக்கிறது

குடும்பத்தினர் விண்ணப்பித்து வாங்கும் விருது அன்று இது. விண்ணப்பப் படிவமே கிடையாது. ‘நான் டெல்லியில் ஆள் வைத்திருக்கிறேன், முடித்துத் தருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு வரும் ஆளுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள், வேறொன்றும் கொடுக்காதீர்கள்.

பரிந்துரை பிறக்கும் இடம் அவர் பணியாற்றிய யூனிட். பட்டாலியன் அல்லது ரெஜிமென்டின் கட்டளை அதிகாரி, படைவீரர்கள் சொல்லும் பெயரில் ‘சி.ஓ.’, அதை எழுதி அனுப்புகிறார். அவரும் சம்பவ இடத்தில் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. அருகில் இருந்தவர்களின் வாக்குமூலங்கள், வயர்லெஸ் செய்திப் பதிவுகள், மருத்துவ அறிக்கை, கைப்பற்றிய ஆயுதங்களின் பட்டியல், நேர வரிசை ஆகியவற்றிலிருந்தே அவர் அதைக் கட்டுகிறார்.

சாட்சியம் எத்தனை வடிவங்களில் வரும் என்பதற்குச் சில நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும். சோம்நாத் சர்மா, கையில் மாவுக்கட்டுடன், பட்காமில் தம் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தபோது தலைமையகத்துக்கு அனுப்பிய கடைசிச் செய்தி பதிவானது: எதிரி ஐம்பது கெஜத் தொலைவில் இருக்கிறான், எங்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் இருக்கிறான், ஓர் அங்குலமும் பின்வாங்க மாட்டேன் என்பது அதன் கருத்து. 1962 நவம்பர் 18 அன்று, சீனப் போரில், லடாக்கின் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் குமாவோன் ரெஜிமென்ட் கம்பெனி ஏறத்தாழ முழுவதுமாக அழிந்தது. தப்பி வந்த சிலர் சொன்னதைத் தொடக்கத்தில் பலரும் நம்பவில்லை. அடுத்த ஆண்டு பனி விலகியபோது, பதுங்குகுழிகளில் ஆயுதங்களைப் பிடித்தபடியே உறைந்துகிடந்த உடல்கள் அவர்களுக்காகச் சாட்சி சொல்லின.

இதில் குடும்பம் செய்யக்கூடியது என்று ஒன்று உண்டு. பிள்ளையின் நண்பர்கள், அதே சிறு படைக்குழுவான செக்‌ஷனில் இருந்தவர்கள், துக்கம் விசாரிக்க வரும்போது சொல்வதைக் குறித்து வையுங்கள். சொன்னவர் யார், என்ன பதவி, எந்த இடம், எந்த நேரம் என்று தேதியிட்டு எழுதுங்கள். துக்க வீட்டில் எழுதுகோலும் கையுமாக உட்கார்வது சங்கடமாக இருக்கும். உறவில் நிதானமான ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள். இது பரிந்துரைக் கோப்புக்குள் நேராகப் போகாது. ஆனால் ஏதாவது விடுபட்டிருக்கிறது என்று பின்னர் தெரிந்தால், சி.ஓ.வுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுத இதுவே ஆதாரம்.

படி 3: சைட்டேஷன் எப்படி இருக்க வேண்டும்

விருதுக்கான காரணத்தை விவரிக்கும் அறிக்கைதான் சைட்டேஷன். அரசு மொழிபெயர்ப்பில் ‘பாராட்டுரை’ என்பார்கள். எனக்கு அந்தச் சொல் உடன்பாடில்லை. பாராட்டத் தொடங்கிவிட்டாலே அது கெட்டுவிடுகிறது. நடந்ததைச் சொல்லும் அறிக்கையாக இருப்பதே அதற்கு நல்லது. இளம் அதிகாரிகளும் எழுத்தர்களும் இதைப் படித்தால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நில்லுங்கள்.

நாயக் என்ற பதவியிலுள்ள படைவீரர் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்: ‘உயிரைத் துச்சமென மதித்து, தாய்நாட்டின் மானம் காக்கச் சிங்கம்போல் பாய்ந்து எதிரிகளைத் துவம்சம் செய்தார்.’ படிக்கும்போது உடல் சிலிர்க்கும். ஆனால் மேலே இருக்கும் குழு இதே வாக்கியத்தை எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கும். சிங்கம் எத்தனை மீட்டர் பாய்ந்தது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது.

இரண்டாம் வரைவு இப்படி இருக்கட்டும்: ‘அதிகாலை 4.20 மணிக்கு இடப்புறப் பதுங்குகுழியிலிருந்து இயந்திரத் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. செக்‌ஷனில் இருவர் காயமுற்றுத் திறந்தவெளியில் கிடந்தனர். தோளில் குண்டுக் காயம் இருந்தும் நாயக், பாறை இடுக்கு வழியாக முப்பது மீட்டர் தவழ்ந்து சென்று இரண்டு கையெறி குண்டுகளை வீசினார். துப்பாக்கி ஓய்ந்தது. ஒருவரை இழுத்துவந்து மறைவில் சேர்த்தார். இரண்டாமவரை எடுக்கத் திரும்பியபோது மார்பில் சுடப்பட்டு விழுந்தார்.’

இதில் ஓர் உரிச்சொல்கூட இல்லை. நேரம் இருக்கிறது, தூரம் இருக்கிறது, அவர் செய்யாமல் விட்டிருக்கக்கூடிய செயல் ஒன்று இருக்கிறது. அந்த ‘இரண்டாமவரை எடுக்கத் திரும்பியபோது’ என்பதில்தான் விருது இருக்கிறது. முதல் காயத்துக்குப் பிறகு அவர் அங்கேயே படுத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கடமை எங்கே முடிகிறது, அதற்கு மேல் அவர் செய்தது எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை சைட்டேஷன் காட்ட வேண்டும்.

மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சைட்டேஷனைத் தேடிப் படியுங்கள். 1987 நவம்பர் 25 இரவு, இலங்கையில் தேடுதல் பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த அவருடைய அணியைப் போராளிக் குழு ஒன்று வழிமறித்துத் தாக்கியது. அவர் சுற்றிவளைத்துப் பின்புறமிருந்து பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவருடைய மார்பில் சுட்டார். அவர் அதே துப்பாக்கியைப் பறித்து, சுட்டவரைச் சுட்டார், விழும்வரை கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். ஐந்து பேர் இறந்ததும், மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் ஏவிகளும் கைப்பற்றப்பட்டதும் எண்ணிக்கையோடு அதில் உள்ளன. அந்தப் போரைப் பற்றித் தமிழர்களிடையே ஒரே கருத்து இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் ஓர் ஆவணம் எவ்வளவு சிக்கனமாக ஒரு மனிதரின் கடைசி நிமிடங்களைச் சொல்லமுடியும் என்பதற்கு அது நல்ல மாதிரி.

மிகைப்படுத்தவும் கூடாது. எதிரி எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது, அருகில் இருந்தவரின் செயலையும் இறந்தவர் கணக்கில் சேர்ப்பது ஆகியவை பின்னர் வெளிப்பட்டால் விருதின் மதிப்போடு இறந்தவரின் பெயரும் சேர்ந்து கெடும்.

படி 4: மேலே ஏறும் பாதை

யூனிட்டிலிருந்து பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட், பிறகு படைத் தலைமையகம். ஒவ்வொரு படியிலும் விருதின் நிலையைக் குறைக்கலாம், கூட்டலாம், நிராகரிக்கலாம். அங்கிருந்து பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் போகும்.

அமைச்சகம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைகளைக் கோருகிறது. குடியரசு நாள் அறிவிப்புக்கு வழக்கமாக ஆகஸ்டில். சுதந்திர நாள் அறிவிப்புக்கு மார்ச்சில். மத்திய விருதுக் குழுவில் பாதுகாப்பு அமைச்சர், முப்படைத் தளபதிகள், பாதுகாப்புச் செயலர் ஆகியோர் இருப்பார்கள்; உள்துறை அமைச்சகத்திலிருந்து வரும் பரிந்துரைகளுக்கு உள்துறைச் செயலரும் சேர்ந்துகொள்வார். குழுவின் முடிவு பிரதமர் வழியாகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போகும்.

முகுந்த் வரதராஜனுக்கு ஏப்ரலில் நடந்ததற்கு ஆகஸ்ட் 15 அன்றே அறிவிப்பு வந்தது. பழனிக்கு ஜூனில் நடந்ததற்கு அடுத்த ஆண்டு ஜனவரி 26 அன்று. நான்கு மாதத்திலிருந்து ஓராண்டு வரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வரும் வதந்திகளை நம்பி உறவினர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். சொன்ன பிறகு நிலை குறைந்து வந்தால், கிடைத்த விருதே அவமானம்போல் ஆகிவிடும். அப்படி ஆன வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

படி 5: காத்திருக்கும் மாதங்களில் ஆவணங்கள்

துக்கத்தில் மூழ்கியிருக்கும் வீட்டில் இதைப் பேசுவது கடினம். ஆனால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

பெயர். கார்கிலின் டைகர் ஹில் தாக்குதலில் பல குண்டுகளை வாங்கிய கிரனேடியர் யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம்வீர் சக்ரா ‘மறைவுக்குப் பின்’ என்று அறிவிக்கப்பட்டது. அவரோ மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். இறந்தது அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர். நாட்டின் மிக உயர்ந்த விருதிலேயே இப்படி நடக்கும் என்றால், நம் ஊர் ‘முருகன்’, ‘செல்வம்’, ‘ராஜா’க்களின் கோப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ராணுவ எண்தான் அசைக்க முடியாத அடையாளம். அந்த எண்ணை வீட்டில் ஒருவருக்காவது மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், திருமணப் பதிவு, படைவீரரின் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸின் பதிவு ஆகிய ஐந்திலும் பெயரின் எழுத்துகளும் தந்தை பெயரின் முதலெழுத்தும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள்.

மரண வகைப்பாடு. ராணுவத்தின் ஆவணங்களில் ‘தியாகி’ என்ற சொல்லைத் தேடாதீர்கள்; அதிகாரபூர்வமாக அப்படி ஒரு வகை இல்லை. ‘பேட்டில் கேஷுவல்டி’, அதாவது போர்ச் சேதம், என்று பதிவாகியிருக்கிறதா என்பதே முக்கியம். ஓய்வூதியத்தின் வகை, கருணைத்தொகை, வரிவிலக்கு எல்லாம் அந்த இரண்டு சொற்களில் தொங்குகின்றன.

வாரிசு. மணமானவரென்றால் பதிவேட்டில் பெரும்பாலும் மனைவி, மணமாகாதவரென்றால் பெற்றோர். மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே யார் பதக்கம் வாங்குவது என்ற மனக்கசப்பு வரலாம், வருகிறது. கல்வானில் உயிர்நீத்த கர்னல் சந்தோஷ் பாபுவின் மகாவீர் சக்ராவை அவருடைய தாயும் மனைவியும் சேர்ந்தே மேடையில் நின்று பெற்றுக்கொண்டார்கள். அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை யூனிட்டிடம் முன்கூட்டியே கேட்டு, வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி நேர்காணலில் தீர்க்க முயலாதீர்கள்.

தொடர்பு. மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்தவரென்றால் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில். பீரங்கிப் படையென்றால் நாசிக்கில். உங்கள் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் பதிவு செய்துவிடுங்கள். வீடு மாறினால் இரண்டு இடங்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

படி 6: அறிவிப்பு நாள்

விருதுப் பட்டியல் குடியரசு நாளுக்கோ சுதந்திர நாளுக்கோ முந்தைய மாலையில் செய்தி நிறுவனங்களுக்கு வரும். முதலில் தகவல் சொல்லிக் கூப்பிடுவது பெரும்பாலும் யூனிட்டாகத்தான் இருக்கும். சில நேரம் நிருபர் முந்திக்கொள்வார். அந்த நிருபரிடம் பேசுவதற்கு முன் யூனிட்டை அழைத்து, விருதின் சரியான பெயரை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிறகு இந்திய அரசிதழில் குடியரசுத் தலைவர் செயலக அறிவிப்பாக வெளிவரும். அந்த அரசிதழ்ப் பக்கத்தை அச்செடுத்துப் பத்துப் பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். மாநில அரசின் ரொக்கத் தொகை, கல்விச் சலுகை, ரயில் சலுகை என்று எங்கே போனாலும் இதைத்தான் கேட்பார்கள்.

படி 7: டெல்லிப் பயணம்

சக்ரா விருதுகளைக் குடியரசுத் தலைவர் வழங்குகிறார். அமைதிக்கால, போர்க்கால வரிசைகளின் முதல் விருதுகளான அசோக சக்ராவையும் பரம்வீர் சக்ராவையும் குடியரசு நாள் அணிவகுப்பின் தொடக்கத்தில் வழங்குவது வழக்கம்; முகுந்த் வரதராஜனின் அசோக சக்ராவை அவருடைய மனைவி 2015 ஜனவரி 26 அன்று பிரணாப் முகர்ஜியிடம் பெற்றுக்கொண்டார். மற்றவை குடியரசுத் தலைவர் மாளிகையில் தனி விழாவில். பழனியின் வீர் சக்ராவை அவருடைய மனைவி 2021 நவம்பர் 23 அன்று ராம்நாத் கோவிந்திடம் பெற்றார். அறிவிப்புக்கும் விழாவுக்கும் இடையே பத்து மாதம் ஆகியிருந்தது. சேனா பதக்கம் டெல்லி மாளிகையில் வழங்கப்படுவதில்லை. ராணுவ நாள் விழாவிலோ அந்தந்தக் கமாண்டின் விழாவிலோ வழங்கப்படும்.

யூனிட் சார்பில் ஒருவர் கூடவே இருப்பார். முந்தைய நாளே ஒத்திகை நடக்கும். எங்கே நடக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். நீங்கள் நிற்கும்போது சைட்டேஷனை வாசிப்பார்கள். அதுதான் கடினமான பகுதி. இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒலிக்கும் அந்த அறிக்கையில், மகன் எப்படி இறந்தான் என்பதை முதல்முறையாக முழுமையாகக் கேட்கும் தாய்மார்கள் உண்டு. மொழி புரியாமல், பெயர் மட்டும் காதில் விழ, நிற்பவர்களும் உண்டு. ஆகவே சைட்டேஷனை முன்கூட்டியே வாங்கி, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது தமிழில் ஒருமுறை படித்துவிடுங்கள். கல்வான் சைட்டேஷனில் கூர்மையான ஆயுதம் பற்றிய வரிகள் இருந்தன. அதைக் கேமராக்களுக்கு முன் முதலில் கேட்கும் நிலை எந்த வீட்டுக்கும் வேண்டாம்.

பதக்கத்தைப் பெட்டியில் வைத்துக் கையில் கொடுப்பார்கள். பரம்வீர் சக்ரா வெண்கலம். சட்டையில் குத்தும் பெரிய நாணயம்போலத்தான் இருக்கும். நடுவில் அரசுச் சின்னம், சுற்றி நான்கு வஜ்ராயுதங்கள், ஊதாநிற நாடா. தம் எலும்பையே ஆயுதமாகத் தந்த ததீசி முனிவரின் கதையை மனத்தில் வைத்து இதை வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர். ஐரோப்பாவில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்து இங்கேயே தங்கிவிட்டவர். முதல் பதக்கம் பெற்ற சோம்நாத் சர்மா அவருடைய மகளின் கணவர் வீட்டைச் சேர்ந்தவராக அமைந்தது தற்செயல். இதுவரை பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரில் 14 பேருக்கு அது மறைவுக்குப் பின்தான் கிடைத்தது.

படி 8: பணமும் சலுகைகளும்

விருதோடு மாதாந்திரத் தொகை வரும். 2017 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதம்: பரம்வீர் சக்ரா 20,000 ரூபாய், அசோக சக்ரா 12,000, மகாவீர் சக்ரா 10,000, கீர்த்தி சக்ரா 9,000, வீர் சக்ரா 7,000, சௌரிய சக்ரா 6,000, வீரத்துக்கான சேனா பதக்கம் 2,000. குடும்ப ஓய்வூதியத்துக்கு மேல் இது தனி.

இங்கே ஒரு பழைய அநியாயம் இருந்தது. கணவரின் சகோதரரை மறுமணம் செய்துகொண்டால்தான் விதவைக்கு இந்தத் தொகை தொடரும். வேறு யாரை மணந்தாலும் நின்றுவிடும். 2017 நவம்பரில் அந்த நிபந்தனையைப் பாதுகாப்பு அமைச்சகம் நீக்கிவிட்டது. இப்போது மறுமணம் செய்தாலும் அவருடைய வாழ்நாள் வரை தொடரும். பழைய விதியைச் சொல்லி யாராவது ஓர் இளம்பெண்ணைப் பயமுறுத்தினால் இதை எடுத்துச் சொல்லுங்கள். மணமாகாத வீரரென்றால் தொகை பெற்றோருக்கு வரும்.

சக்ரா விருது பெற்றவரின் குடும்ப ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை. வங்கி பிடித்தம் செய்துவிட்டால், அரசிதழ்ப் பிரதியோடு போய்க் கேளுங்கள். மறைவுக்குப் பின் சக்ரா விருது பெற்றவரின் விதவைக்கு ரயிலில் இலவசப் பயணச் சலுகையும் உண்டு. தமிழ்நாடு அரசு தனியே ரொக்கத் தொகை வழங்குகிறது. அரசாணைக்கு அரசாணை தொகை மாறுவதால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நடப்பு ஆணையைக் கேட்டு வாங்குங்கள். ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்னும் இணையவழி முறைக்கு மாறிய பிறகு ஆண்டுதோறும் உயிர்வாழ்ச் சான்று கொடுக்க மறந்தால் எல்லாம் நின்றுவிடும். நாள்காட்டியில் நவம்பரைச் சுற்றி வட்டமிடுங்கள்.

விருது வராவிட்டால்

வராமலும் போகும். அருகில் இருந்த எல்லோரும் இறந்திருக்கலாம். சண்டை இருட்டில் நடந்திருக்கலாம். அந்தச் சுற்றில் பரிந்துரைகள் குவிந்திருக்கலாம். முடிந்துபோன போர்களின் கோப்புகளை மீண்டும் திறக்க அமைச்சகம் பொதுவாக இசைவதில்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கு எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்கச் சென்ற இந்திய விமானங்களில் ஒன்று திரும்பவில்லை. அதை ஓட்டியவர் குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஏ.பி. தேவையா. என்ன ஆனது என்று உடன் போனவர்களுக்கே தெரியாது; காணாமல்போனவர் என்று பதிவு. ஆண்டுகள் கழித்து, பாகிஸ்தான் தரப்பின் தகவல்களோடு ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் அந்த விமானப் போரின் வரலாற்றை எழுதியபோதுதான் விஷயம் வெளியே வந்தது: தன்னைத் துரத்திய, தன்னைவிட வேகமான ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை, சேதமடைந்த தன் மிஸ்டேர் விமானத்திலிருந்தபடி ஒரு வீரர் சுட்டு வீழ்த்தியிருந்தார். அந்த நாளில் திரும்பாதவர் யார் என்று பார்த்தால் தேவையாதான். 1988இல், 23 ஆண்டுகள் கழித்து, மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. இங்கேயும் சாட்சி எதிரிதான்.

புதிய ஆதாரம் கிடைத்தால் முறையாக யூனிட் வழியாகவோ ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவோ எழுதுங்கள். ‘எங்களுக்குக் கொடுக்கவில்லை’ என்ற முறையீட்டைவிட, ‘இன்னார் இப்போது இப்படிச் சொல்கிறார், அவருடைய கையொப்பமிட்ட வாக்குமூலம் இது’ என்ற ஒரு பக்கத்துக்கு வலிமை அதிகம்.

விருது இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். 2019 பிப்ரவரி 25 அன்று டெல்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் கருங்கல் சுவர்களில், விருது பெற்றவர் பெறாதவர் என்ற பிரிவின்றிப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. திறப்பின்போதே 25,942 பெயர்கள். போகும்போது ராணுவ எண்ணை எடுத்துச் செல்லுங்கள், தேடுவதற்கு.

பதக்கம் வீட்டுக்கு வந்த பிறகு

பதக்கத்தைச் சுவரில் மாட்டி வெயில் படவிட்டால் நாடா வெளுத்துவிடும். நிழலான கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். இரு பக்கமும் படமெடுத்து, விளிம்பில் பொறித்திருப்பதைக் குறித்துவையுங்கள். தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் பதிவுசெய்து மாற்றுப் பதக்கம் கேட்பதற்கு இவை தேவைப்படும். நினைவஞ்சலி நிகழ்ச்சிகளில் வாரிசுகள் அந்தப் பதக்கத்தை அணியலாம், ஆனால் மார்பின் வலப்புறத்தில். இடப்புறம் உழைத்துப் பெற்றவருடையது. வீரரின் பெயருக்குப் பின் விருதைச் சேர்த்து எழுதுவதற்கும் தடையில்லை. பட்டங்களை ஒழித்த அரசியலமைப்பின் 18ஆம் பிரிவே ராணுவச் சிறப்புகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது.

ஊர் என்ன செய்யலாம்? பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடிக்கும் ஒவ்வொரு அணியும் நடந்து வெளியேறும் மைதானத்துக்குப் பரமேஸ்வரனின் பெயர். 1999 மே 29 அன்று கார்கிலின் பட்டாலிக் பகுதியில் உயிர்நீத்து, உடல் கிடைக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆன, வீர் சக்ரா பெற்ற மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம். 2023 ஜனவரி 23 அன்று அந்தமான் நிக்கோபாரின் பெயரில்லாத 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்கள் சூட்டப்பட்டன. நம் ஊருக்குத் தீவு இல்லை. பள்ளி இருக்கிறது, நூலகம் இருக்கிறது, பஸ் நிறுத்தம் இருக்கிறது. பள்ளி வகுப்பறைக்குப் பெயர் வைப்பதை நான் விரும்புவேன். சிலைக்கு மாலை ஆண்டுக்கு இருமுறை. வகுப்பறைப் பெயரைப் பிள்ளைகள் தினமும் சொல்வார்கள்.

கல்வெட்டு வைப்பதானால், கொடையாளர் பட்டியலையும் தலைவர்கள் படத்தையும் குறைத்து, நடந்ததை எழுதுங்கள். பெயர், ராணுவ எண், யூனிட், இடம், நாள், என்ன செய்தார் என்பதற்கு இரண்டு வரிகள். கல்தச்சரிடம் கொடுப்பதற்கு முன் ரெக்கார்ட் ஆபீஸ் கடிதத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இதற்கு மாதிரி வேண்டுமென்றால் திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தின் நடுகற்களைப் போய்ப் பாருங்கள். எடத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எந்த ஆண்டு, யாருடைய ஆள், எருமை மந்தையைக் காக்கும்போது விழுந்தவன் பெயர் என்ன என்று சில வரிகளில் முடித்திருக்கிறார்கள்: கருந்தேவக்கத்தி. உடனிருந்து இரண்டு கள்வரைக் கடித்துக் காத்துநின்ற நாயையும் அவனருகே செதுக்கி, அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன்.